கம்ப்யூட்டருக்குள் ஓடும் கம்ப்யூட்டரைப் படம் பிடிப்பது எப்படி?

கும்பகோணத்தில் என் மாமா பாத்திரக்கடை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு ஒரு நாள் போன் செய்தார். "ஏம்ப்பா, பழைய கம்ப்யூட்டர்ல இருக்கிற சீட்டுக் கணக்கைப் பார்க்க முடியுமா? அவசரம்" என்றார்.

விஷயம் இதுதான். அவர் கடையில் முன்பு பாத்திரச் சீட்டு நடத்தி வந்தார். மாதம் 300 ரூபாய் வீதம் 24 மாதம் கட்ட வேண்டும். முடிவில் அந்தப் பணத்திற்குப் பாத்திரம் வாங்கிக் கொள்ளலாம். 2004ல் சீட்டில் சேர்ந்த ஓர் அம்மா, பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று இப்போது வந்து நிற்கிறார். வீடு மாறியபோது சீட்டு அட்டை தொலைந்துவிட்டது. "இரண்டு வருஷமும் முழுசாகக் கட்டினேன் அண்ணே" என்கிறார் அவர். பாதியில் நிறுத்திவிட்டதாக மாமாவுக்கு ஞாபகம். இருவருமே பொய் சொல்பவர்கள் இல்லை. கணக்கு மட்டும் கடையின் பின்அறையில், துணி போர்த்திய ஒரு பழைய கம்ப்யூட்டரில் தூங்கிக் கொண்டிருந்தது.

அந்தக் கணக்கை எப்படி வெளியே கொண்டு வந்தேன், நடுவில் எப்படிக் கோட்டை விட்டேன் என்பதைச் சொன்னால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இரண்டு விஷயங்கள் புரிந்துவிடும். ஒன்று, விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன என்பது. மற்றொன்று, அதற்குள் ஓடும் புரோகிராமின் திரையைப் படமாக எடுத்துப் பத்திரப்படுத்துவது எப்படி என்பது.

பழைய புரோகிராம் ஏன் ஓடவில்லை?

கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். பவர் சப்ளை போய்விட்டிருந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. அடாப்டர் மூலம் என் விண்டோஸ் 11 லேப்டாப்பில் இணைத்தேன். நல்ல வேளை, டிஸ்க் சுழன்றது. ஆனால் இடையிடையே "டிக் டிக்" என்று சத்தம். இந்தச் சத்தம் கேட்டால் வேறு எந்த ஆராய்ச்சியிலும் இறங்கக் கூடாது. முதல் வேலையாகத் தேவையான போல்டரை வேறு டிஸ்க்கில் காப்பி செய்திட வேண்டும். அப்படியே செய்தேன்.

அடுத்து, சீட்டுக் கணக்கு புரோகிராமின் ஐகானில் டபுள் கிளிக் செய்தேன். இந்த ஆப் உங்கள் பிசியில் இயங்காது என்று விண்டோஸ் கையை விரித்தது. காரணம், அது விண்டோஸ் 98 காலத்தில் உள்ளூர் இளைஞர் ஒருவர் எழுதிக் கொடுத்த 16 பிட் புரோகிராம். 64 பிட் விண்டோஸ் சிஸ்டம் எதிலும் 16 பிட் புரோகிராம்கள் இயங்காது. விண்டோஸ் 11, 64 பிட் வகையில் மட்டுமே வருகிறது. ஆகவே இந்தப் பக்கம் வழியே இல்லை.

சரி, டேட்டா பைலையாவது திறந்து பார்ப்போம் என்று லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் திறந்தேன். தொகைகள் தெரிந்தன. பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் கோழி கிறுக்கியது போல ஏதேதோ குறிகள். யுனிகோட் பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்களைத் தயாரித்தவர்கள் ஆளுக்கொரு குறியீட்டு முறையைப் பின்பற்றினார்கள். 1999ல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு முறைகளை அறிவித்த பிறகும் பழைய எழுத்துருக்கள் பல கடைகளில் தொடர்ந்தன. எந்த எழுத்துருவில் டைப் செய்தார்களோ, அதே எழுத்துரு இருந்தால்தான் தமிழ் தெரியும். போதாக்குறைக்கு, ஒருவருடைய மீதித் தொகை எவ்வளவு என்பதை அந்த புரோகிராம் பைலில் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுத் திரையில் காட்டுவதோடு சரி.

ஆக, அந்த புரோகிராமையே ஓட்டியாக வேண்டும். அதற்குப் பழைய விண்டோஸ் வேண்டும். பழைய கம்ப்யூட்டர் இல்லையே என்கிறீர்களா? புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை உண்டாக்கிக் கொள்ளலாம்.

விர்ச்சுவல் மெஷின் என்றால்?

இதை வீட்டுக்காரர், விருந்தாளி என்று வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் மேஜையில் இருக்கும் நிஜக் கம்ப்யூட்டரும் அதன் விண்டோஸும் வீட்டுக்காரர். ஆங்கிலத்தில் ஹோஸ்ட். அதற்குள் ஒரு விண்டோவில் ஓடும் இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் விருந்தாளி, அதாவது கெஸ்ட். விருந்தாளிக்குத் தனி அறை ஒதுக்குவது போல, உங்கள் ராம் மெமரியில் ஒரு பகுதியும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பகுதியும் அதற்கு ஒதுக்கப்படும். விருந்தாளி தனக்குத் தனிக் கம்ப்யூட்டர் இருப்பதாகவே நினைத்துக் கொள்ளும். அதன் முழு ஹார்ட் டிஸ்க்கும் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பெரிய பைல், அவ்வளவுதான்.

இதற்கான புரோகிராம்கள் பல உண்டு. 1999ல் வந்த விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் நீண்ட காலம் காசு கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்து, 2024ல் இலவசமானது. மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி, விண்டோஸ் ஹோம் பதிப்பில் இல்லை. நான் பயன்படுத்துவது விர்ச்சுவல் பாக்ஸ். 2007ல் வெளியான இது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கைக்குப் போய், 2010ல் ஆரக்கிள் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. இலவசமாகவே கிடைக்கிறது. கீழே சொல்லும் வழிகள் விர்ச்சுவல் பாக்ஸ் புரோகிராமிற்கானவை.

ஒரு முன் ஏற்பாடு. கம்ப்யூட்டரின் பயாஸ் செட்டிங்ஸில் விர்ச்சுவலைசேஷன் என்பது இயக்கப்பட்டிருக்க வேண்டும். 2019 இறுதியில் வந்த 6.1 பதிப்பிலிருந்து இது இல்லாமல் விர்ச்சுவல் பாக்ஸ் இயங்காது.

மாமாவிடம் எக்ஸ்பி சிஸ்டத்தின் அசல் சிடியும் அதன் கீயும் பத்திரமாக இருந்தன. விர்ச்சுவல் பாக்ஸில் புதிய மெஷின் ஒன்றை உருவாக்கி, 512 எம்பி ராம், 10 ஜிபி டிஸ்க் ஒதுக்கி, 32 பிட் எக்ஸ்பி இன்ஸ்டால் செய்தேன். எக்ஸ்பி சிஸ்டத்திற்கான பாதுகாப்பு பைல்கள் வழங்குவதை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. எனவே அதை இன்டர்நெட் பக்கம் விடவே கூடாது. மெஷினின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, எனேபிள் நெட்வொர்க் அடாப்டர் என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டேன்.

பின்னர் டிவைசஸ் மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியைச் செருகும் பிரிவைக் கிளிக் செய்து, எக்ஸ்பிக்குள் அதை இன்ஸ்டால் செய்தேன். விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை நடப்பது இதன் மூலம்தான். இது இருந்தால் ஷேர்டு போல்டர் வசதி கிடைக்கும். அதாவது, உங்கள் நிஜக் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு போல்டரை எக்ஸ்பிக்குள்ளும் ஒரு டிரைவ் போலக் காட்டலாம். இதற்கு நெட்வொர்க் தேவையில்லை.

அந்த வழியாக சீட்டு புரோகிராம் இருந்த போல்டரையும் தமிழ் எழுத்துருவையும் எக்ஸ்பிக்குள் கொண்டு வந்தேன். எழுத்துருவை கண்ட்ரோல் பேனலில் உள்ள பாண்ட்ஸ் போல்டரில் போட்டேன். ஐகானில் டபுள் கிளிக். பச்சைப் பின்னணியில் கடையின் பெயர் தமிழில் வந்து நின்றது. போனில் சொன்னேன். மாமா சிரித்தார். "அந்தப் பச்சை கலர் வந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்.

முதல் வழி: உள்ளே இருந்து எடுப்பது

சீட்டில் மொத்தம் 143 கணக்குகள் இருந்தன. ஒருவருக்காகத் திறந்தோம், மற்றவர்களும் நாளை வரலாம் அல்லவா? எல்லாக் கணக்குகளையும் படமாக எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எனக்குப் பழக்கமான வழியில் தொடங்கினேன். எக்ஸ்பி விண்டோவிற்குள் ஒரு முறை கிளிக் செய்திடவும். இப்போது கீபோர்ட் விருந்தாளியின் வசம் போய்விடும். பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்தினால், எக்ஸ்பியின் முழுத்திரையும் கிளிப்போர்டுக்குச் செல்லும். ஆல்ட் கீயுடன் சேர்த்து அழுத்தினால், அப்போது இயங்கிக் கொண்டிருக்கும் விண்டோ மட்டும் செல்லும். பிறகு பெயிண்ட் புரோகிராமைத் திறந்து, கண்ட்ரோல் + வி அழுத்தி ஒட்டி, சேவ் செய்திட வேண்டும். எக்ஸ்பி காலத்து விண்டோஸில் படம் தானாகவே பைலாகாது என்பதை நினைவில் வையுங்கள். பெயிண்டில் ஒட்டினால்தான் உண்டு.

சில லேப்டாப்களில் பிரிண்ட் ஸ்கிரீன் கீ விருந்தாளிக்குப் போகாமல் வீட்டுக்காரரிடமே நின்றுவிடும். விண்டோஸ் 11ன் ஸ்னிப்பிங் டூல் எழுந்து வந்து நிற்கும். அப்போது விர்ச்சுவல் பாக்ஸ் விண்டோவின் மேலே உள்ள இன்புட் மெனுவில் கீபோர்ட் பிரிவுக்குச் செல்லவும். அங்கே பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அனுப்ப ஒரு பிரிவும், ஆல்ட் + பிரிண்ட் ஸ்கிரீன் அனுப்ப ஒரு பிரிவும் தரப்பட்டிருக்கும். அதில் கிளிக் செய்தால், கீயை விருந்தாளியின் கம்ப்யூட்டரிலேயே அழுத்தியது போலாகும்.

இப்படி 60 படங்கள் எடுத்தேன். எல்லாவற்றையும் எக்ஸ்பிக்குள்ளேயே, மை பிக்சர்ஸ் போல்டரில் சேவ் செய்து கொண்டே வந்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

ஸ்னாப்ஷாட் வேறு, ஸ்கிரீன்ஷாட் வேறு

61வது கணக்கில் கை தவறி எப்9 கீயைத் தட்டிவிட்டேன். அந்த புரோகிராமில் அது வருட முடிவுக் கணக்கை மூடும் கீ. எல்லாக் கணக்குகளிலும் மீதி பூஜ்யம் ஆகிவிட்டது! நான் பதறவில்லை. ஏனென்றால், வேலையைத் தொடங்கும் முன் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்து வைத்திருந்தேன்.

பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். விர்ச்சுவல் பாக்ஸில் ஸ்னாப்ஷாட் என்பது திரையின் படம் அல்ல. அந்த நொடியில் மெஷினின் டிஸ்க்கில் என்ன இருந்ததோ, அதை அப்படியே நினைவில் வைத்துக் கொள்ளும் ஏற்பாடு. மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் மெமரியில் இருப்பதும் சேரும். பின்னால் ஏதாவது கெட்டுப் போனால், அந்த நொடிக்கே திரும்பிப் போகலாம். கால எந்திரம் போல.

ரீஸ்டோர் என்பதில் கிளிக் செய்தேன். இப்போதுள்ள நிலையையும் ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைக்கவா என்று ஒரு பெட்டி கேட்டது. கெட்டுப் போன நிலை எதற்கு, டிஸ்க்கில் இடம் வீண் என்று டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே செய்தேன். கணக்குகள் எல்லாம் பழையபடி வந்துவிட்டன. மகிழ்ச்சியோடு மை பிக்சர்ஸ் போல்டரைத் திறந்தேன். காலி!

காலத்தில் பின்னால் போனால், அதன் பின் நடந்தது எதுவும் நடந்திருக்காது அல்லவா? கெட்ட கணக்கோடு 60 படங்களும் போய்விட்டன. இரண்டு மணி நேர வேலை. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை.

இதைத்தான் புதியவர்களுக்கு அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். விருந்தாளியின் அறையில் வைக்கும் எதுவும் அந்த அறையோடு போகும். எடுத்த படத்தை உடனே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். பெயிண்டில் சேவ் செய்யும்போதே ஷேர்டு போல்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஆபத்தில்லை. அந்த போல்டர் நிஜக் கம்ப்யூட்டரில் இருப்பதால், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினாலும் அதில் உள்ளவை அப்படியே இருக்கும்.

இரண்டாவது வழி: வெளியே இருந்து எடுப்பது

இதைவிடச் சுலபமான வழி விர்ச்சுவல் பாக்ஸிலேயே இருக்கிறது. மறுநாள் அதைத்தான் பின்பற்றினேன். வியூ மெனுவில் டேக் ஸ்கிரீன்ஷாட் என்பதில் கிளிக் செய்திடவும். அல்லது ஹோஸ்ட் கீயையும் ஈ கீயையும் சேர்த்து அழுத்தவும். பைலுக்கு என்ன பெயர், எந்த போல்டர் என்று கேட்கும் விண்டோ கிடைக்கும். பெயர் கொடுத்து என்டர் தட்டினால் முடிந்தது. படம் நேராக உங்கள் நிஜக் கம்ப்யூட்டரிலேயே பதிவாகும். பெயிண்ட் வேண்டாம், ஒட்ட வேண்டாம்.

ஹோஸ்ட் கீ எது? விண்டோஸில் வழக்கமாக அது வலது பக்கத்து கண்ட்ரோல் கீ. விருந்தாளியிடம் சிக்கிய கீபோர்டை மீட்பதற்கும் இதையே ஒரு முறை தட்ட வேண்டும். சில லேப்டாப்களில் வலது கண்ட்ரோல் கீயே இருக்காது. 2024க்குப் பின் வந்த சிலவற்றில் கோபைலட் கீ அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டது. கவலை வேண்டாம். விர்ச்சுவல் பாக்ஸின் பைல் மெனுவில் பிரிபரன்சஸ் சென்று, இன்புட் பிரிவில் ஹோஸ்ட் கீயாக வேறு கீயை அமைத்துக் கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. ஹோஸ்ட் கீயுடன் ஈ அழுத்தினால் ஸ்கிரீன்ஷாட். ஹோஸ்ட் கீயுடன் டி அழுத்தினால் ஸ்னாப்ஷாட். கீபோர்டில் இரண்டும் ஒரே வரிசையில், இடையில் ஒரு எழுத்து மட்டும் தள்ளி இருக்கின்றன. விண்டோவில் என்ன கேட்கிறது என்று படித்துப் பார்த்து என்டர் தட்டுங்கள்.

இந்த வழியில் இன்னும் மூன்று நன்மைகள் உண்டு.

முதலாவது, எக்ஸ்பியின் திரை மட்டும் படத்தில் வரும். விர்ச்சுவல் பாக்ஸின் மெனு, ஓரம், உங்கள் டாஸ்க் பார் எதுவும் வராது. விண்டோவை நீங்கள் பெரிதாக்கி இழுத்திருந்தாலும் விருந்தாளியின் உண்மையான அளவிலேயே படம் கிடைக்கும். எழுத்துகள் மங்காது.

இரண்டாவது, ஆப்பரேட்டிங் சிஸ்டம் முழுதாக எழுந்திராத நேரத்திலும் படம் எடுக்கலாம். இன்ஸ்டால் ஆகும்போது வரும் நீலத்திரை, பயாஸ் திரை, சிஸ்டம் கிராஷ் ஆகிக் காட்டும் பிழைச் செய்தி ஆகியவற்றை உள்ளே இருந்து எடுக்கவே முடியாது. ஏனென்றால் பிரிண்ட் ஸ்கிரீன் கீக்குப் பதில் சொல்ல அங்கே விண்டோஸ் இன்னும் வரவில்லை. அல்லது வந்து படுத்துவிட்டது. முன்பெல்லாம் இவற்றைப் படமெடுக்க மானிட்டருக்கு எதிரில் கேமராவைப் பிடித்துக் கொண்டு நிற்போம். பழைய டப்பா மானிட்டர்களில் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். விர்ச்சுவல் மெஷினில் அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, விருந்தாளியில் எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. கெஸ்ட் அடிஷன்ஸ் இல்லாவிட்டாலும் இந்த வழி வேலை செய்யும்.

ஒரே படமாக இல்லாமல், செய்முறை முழுவதையும் காட்ட வேண்டுமா? அதே வியூ மெனுவில் ரெக்கார்டிங் என்ற பிரிவு உள்ளது. திரையில் நடப்பது வெப்எம் வகை வீடியோ பைலாகப் பதிவாகும்.

விஎம்வேர் பயன்படுத்துபவர்கள் விஎம் மெனுவில் கேப்சர் ஸ்கிரீன் என்ற பிரிவைப் பயன்படுத்தலாம்.

எல்லாப் படமும் ஒரே அளவில் வர

கெஸ்ட் அடிஷன்ஸ் இன்ஸ்டால் செய்த பின், விர்ச்சுவல் பாக்ஸ் விண்டோவை இழுத்தால் விருந்தாளியின் திரை அளவும் கூடவே மாறும். வேலைக்கு வசதிதான். ஆனால் படம் எடுக்கும்போது ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்து சேரும். பிரிண்ட் எடுத்து பைலில் கோக்கும்போது அசிங்கமாக இருக்கும். எனவே வியூ மெனுவில் ஆட்டோ ரீசைஸ் கெஸ்ட் டிஸ்பிளே என்பதை நீக்கிவிட்டு, எக்ஸ்பியின் டிஸ்பிளே செட்டிங்ஸில் 800க்கு 600 என்று நிலையாக வைத்துவிடவும். அந்த புரோகிராம் எழுதப்பட்ட காலத்து மானிட்டர்களுக்கு அதுவே சரியான அளவு.

எந்த வகையில் சேவ் செய்வது? பி.என்.ஜி. வகையே நல்லது. பி.எம்.பி. வகையில் 800க்கு 600 அளவுள்ள படம் ஒன்று, புள்ளிக்கு 3 பைட் வீதம் 14,40,000 பைட் இடம் பிடிக்கும். ஒரு பிளாப்பியையே ஏறக்குறைய அடைத்துவிடும்! பி.என்.ஜி. வகையில் எனக்கு ஒவ்வொரு படமும் 20 முதல் 40 கேபிக்குள் அடங்கியது. இத்தனைக்கும் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. ஜே.பி.ஜி. வகை போட்டோக்களுக்கு ஏற்றது. எழுத்துகளின் ஓரத்தில் அழுக்குப் படிந்தது போலாகிவிடும். 3 எது, 8 எது என்று சந்தேகம் வந்தால் கணக்கு என்னாவது?

பைல்களுக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. கணக்கு எண்ணை மூன்று இலக்கமாக எழுதி, பக்க எண்ணைச் சேர்த்தேன். 47வது கணக்கின் முதல் பக்கம் 047-1, அடுத்தது 047-2. இப்படி வைத்தால் பைல்கள் வரிசை மாறாது. 143 கணக்குகளுக்கும் சேர்த்து 212 படங்கள் வந்தன. உள்ளே இருந்து 60 படம் எடுக்க இரண்டு மணி நேரம் ஆன எனக்கு, வெளியே இருந்து 212 படமும் எடுக்க மூன்று மணி நேரமே ஆனது.

படம் மட்டும் போதுமா?

போதாது. ஸ்கிரீன்ஷாட் என்பது படம். அதில் தேட முடியாது, கூட்ட முடியாது. படத்தைத் திருத்தவும் முடியும் என்பதால், யாராவது சந்தேகப்பட்டால் மூல டேட்டாவைக் காட்டியாக வேண்டும். எனவே பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்த போல்டரையும், படங்களையும், விர்ச்சுவல் மெஷினின் போல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி செய்து மாமாவிடம் கொடுத்தேன். மெஷினைக் காப்பி செய்யும் முன் அதை ஷட்டவுன் செய்திட வேண்டும்.

இன்னொன்று. இந்தப் படங்களில் 143 குடும்பங்களின் பெயர், முகவரி, கட்டிய தொகை எல்லாம் இருக்கின்றன. "எல்லாத்தையும் வாட்ஸ்அப்புல அனுப்பிடேன்" என்றார் மாமா. மறுத்துவிட்டேன். கை தவறி வேறு குரூப்பில் போய் விழுந்தால் யார் பொறுப்பு? அந்த அம்மாவின் கணக்கு மட்டும் போதும் என்று 088-1, 088-2 ஆகிய இரண்டு படங்களை அனுப்பினேன். அதையும் போட்டோவாக அனுப்பாமல் டாகுமெண்ட் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கும். சின்ன எழுத்துகள் மங்கிவிடும்.

088ல் என்ன இருந்தது?

மாமா இரண்டு படங்களையும் பிரிண்ட் எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்து, அந்த அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்தாராம். கட்டியது 22 மாதம். 6,600 ரூபாய். அந்த அம்மா சொன்ன 24ம் இல்லை, மாமா நினைத்த பாதியும் இல்லை. இரண்டாவது பக்கத்தில் இன்னொரு வரி. 2005ல் பித்தளைக் குடம் ஒன்று, 850 ரூபாய், கழித்தது. மீதி 5,750.

குடம் வாங்கியதை இருவருமே சுத்தமாக மறந்துவிட்டிருந்தார்கள். அந்த அம்மா சிறிது நேரம் பேப்பரையே பார்த்துவிட்டு, "ஆமாண்ணே. என் தங்கச்சி வளைகாப்புக்கு வாங்கினேன். இப்பவும் அவ வீட்டில் இருக்கு" என்றாராம்.

அன்று 5,750 ரூபாய்க்கு வாங்கக் கூடிய பித்தளை வேறு, இன்று வாங்கக் கூடியது வேறு. மாமா எந்த விலையில் கணக்குப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. கல்யாணத்திற்குப் போயிருந்தபோது, சீர்வரிசையில் ஒரு பெரிய பித்தளை அண்டா பளபளவென்று இருந்ததைப் பார்த்தேன்.

உங்கள் வீட்டிலோ கடையிலோ இப்படி ஒரு பழைய கம்ப்யூட்டர் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறதா? அது ஓடும்போதே, முக்கியமான போல்டர்களை இந்த வாரமே காப்பி எடுத்துவிடுங்கள். புரோகிராமின் சிடி, கீ எண், அதில் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு ஆகியவற்றையும் மறக்காமல் எடுத்து வையுங்கள். விர்ச்சுவல் மெஷினைப் பிறகு நிதானமாக அமைத்துக் கொள்ளலாம். படம் எடுக்கத் தொடங்கும்போது மட்டும், அது எங்கே சேவ் ஆகிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த படத்திற்குப் போங்கள்.